குறியீட்டு எண்ணோடு மாசின் பெயரையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வானிலைக் கட்டத்தில் வெப்பநிலைக்கும் மழைக்கும் பக்கத்தில் காற்றுத் தரக் குறியீடும் தினமும் வருகிறது. வரவேற்க வேண்டிய வழக்கம். ஆனால் அங்கே இருப்பது ஓர் எண், அதற்கொரு நிறம், அவ்வளவுதான். எந்த மாசு அந்த எண்ணைக் கொடுத்தது, எத்தனை மணி நேரச் சராசரி, எந்த அளவுகோல்படி என்ற விவரம் இல்லை. மருத்துவப் பரிசோதனைக்குப் போனவர் கையில் "140" என்று மட்டும் எழுதிய சீட்டைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ரத்தத்தில் சோடியம் 140 என்றால் கவலையில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 140 என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். காற்றுக்கும் இதே கதைதான்.

குறியீடு கணக்கிடப்படும் முறையைச் சொன்னால் விஷயம் விளங்கும். நுண்துகள் (2.5 மைக்ரானுக்கு மேற்படாத துகள்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு என்று ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியே ஒரு துணைக் குறியீடு போடுவார்கள். அவற்றில் எது அதிகமோ அதுவே அன்றைய குறியீடு. மற்றவை எல்லாம் அதன் நிழலில் மறைந்துவிடும். அளவுகோலும் நாட்டுக்கு நாடு மாறும். ஒரு கன மீட்டர் காற்றில் 55 மைக்ரோகிராம் நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2014இல் வந்த இந்தியக் குறியீட்டில் அது 92, பெயர் "திருப்திகரம்". அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 149. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்குத் தீங்கானது என்ற வகை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டு அளவோ ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராம்தான். அதாவது இந்த 55 அதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். காற்று ஒன்றுதான், துகளும் ஒன்றுதான். ஒரு செயலியில் பச்சையாகவும் இன்னொன்றில் ஆரஞ்சாகவும் பார்க்கிற வாசகர் இரண்டையும் நம்பாமல் விட்டுவிடுகிறார். எந்த நிறத்தைப் போட்டாலும் சரி, பக்கத்தில் மைக்ரோகிராம் கணக்கு இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

அந்த 55 மைக்ரோகிராம் எப்படி அளக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாசின் மூலமும் விளைவும் அளக்கப் பயன்படும் வடிதாளில்தான் படிந்து கிடக்கின்றன. 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளை டெஃப்ளான் வடிதாள் ஒன்றை எடுத்து, 20 முதல் 23 டிகிரி வெப்பமும் 30 முதல் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பதப்படுத்தி, ஒரு மைக்ரோகிராம் வித்தியாசத்தையும் காட்டக்கூடிய தராசில் எடை போடுவார்கள். பிறகு அதை மாதிரி எடுக்கும் கருவியில் பொருத்தி, நிமிடத்துக்கு 16.67 லிட்டர் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். 24 மணி நேரத்தில் 24 கன மீட்டர். உள்நுழையும் வழியிலேயே 2.5 மைக்ரானைவிடப் பெரிய துகள்கள் திருப்பத்தில் திரும்ப முடியாமல் சுவரில் மோதி நின்றுவிடும். சிறியவை மட்டும் வடிதாளுக்கு வந்து சேரும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அதில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்குதான் இந்தத் துகள். இழுக்கும் வேகம் குறைந்தால் பெரிய துகள்களும் தப்பி உள்ளே வந்துவிடும், அளவு தப்பாகும். அதனால் வேகத்தை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். மாதிரி எடுத்த தாளைக் குளிரில் வைக்காமல் வெயிலில் விட்டால் அதில் படிந்த அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகி, எடை குறைவாகக் காட்டும். மறுபடியும் பதப்படுத்தி எடை போட்டால், நம் கணக்குப்படி கூடியிருப்பது 1.32 மில்லிகிராம்.

ஒரு மனிதர் ஒரு நாளில் உள்ளிழுக்கும் காற்று இந்தக் கருவி இழுப்பதில் ஏறத்தாழப் பாதி. ஒரு பகுதி வெளிமூச்சோடு திரும்பிவிடும். மீதி தங்கும்.

இனி அந்தத் தாளின் நிறத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் கரி: டீசல், விறகு, நிலக்கரி அரைகுறையாக எரிந்ததன் அடையாளம். பழுப்பாக இருந்தால் புழுதி, அல்லது குப்பையும் பயிர்க்கழிவும் புகைந்ததன் கரிமச் சேர்மங்கள். சில நாள்களில் தாள் வெளிறிய சாம்பல் நிறத்தில், ஏறக்குறைய சுத்தமாகத் தெரியும். தராசில் வைத்தால் எடை கனமாக இருக்கும். அது உப்பு. அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட். இந்த உப்பு எந்தப் புகைபோக்கியிலிருந்தும் உப்பாக வெளியேறவில்லை. அனல்மின் நிலையத்தின் கந்தக டை ஆக்சைடும், வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் மிதந்து அமிலமாக மாறி, வயலில் தூவிய யூரியாவிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் எழும் அம்மோனியாவோடு கலந்து துகளாகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய் இன்னோர் ஊரின் தாளில் படிகின்றன. "எங்கள் ஊரில் தொழிற்சாலையே இல்லையே, பிறகு எப்படி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கறுப்புப் புகையைக் கண்டால்தான் மாசு என்கிற பழக்கம் நமக்கு வரலாற்றிலிருந்தே வந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய நிலக்கரிப் புகைமூட்டத்தில் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னாளைய ஆய்வுகள் அது 12,000 வரை இருக்கலாம் என்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, கரும்புகை குறைந்தது. வேலை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். 1993இல் அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹார்வர்டு ஆய்வு வெளியானது. புகைபிடித்தல் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், மாசு அதிகமான நகரத்தில் இறப்பு விகிதம் மிகக் குறைந்த நகரத்தைவிட 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. லண்டன்போல் கைநீட்டினால் விரல் தெரியாத புகைமூட்டம் எதுவும் அந்த ஊர்களில் இல்லை. இறப்பு விகிதம் ஒட்டிப்போனது நுண்துகளின் அளவோடுதான்.

உடம்புக்குள் நடப்பது இது. பெரிய புழுதி மூக்கிலும் தொண்டையிலும் சளியில் ஒட்டி வெளியேறிவிடும். மூச்சுக்குழாய்களின் உள்சுவரில் உள்ள நுண்மயிர்கள் துடைத்துத் துடைத்து மேலே தள்ளும். ஆனால் அந்த நுண்மயிர்கள் கடைசிவரை இல்லை. வாயுப் பரிமாற்றம் நடக்கும் காற்று நுண்ணறைகளில் அவை கிடையாது, 2.5 மைக்ரானுக்குக் கீழான துகள் அங்கே வரை போகும். அங்குள்ள விழுங்கு செல்கள் துகளைத் தின்ன முயன்று, முடியாதபோது அழற்சியைக் கிளப்பிவிடும். அந்த அழற்சி நுரையீரலோடு நிற்காது. ரத்தம் உறையும் தன்மை கூடும், ரத்தக் குழாயின் உட்சுவர் கெடும். காற்று மாசு என்றதும் எல்லோரும் இருமலையும் ஆஸ்துமாவையும் நினைக்கிறார்கள். இறப்புக் கணக்கில் மாரடைப்பும் பக்கவாதமும் பெரும் பங்கு வகிப்பதற்கு இதுதான் காரணம். கருவுற்ற தாய்மாரிடம் குறை எடைப் பிரசவம், குழந்தைகளிடம் நுரையீரல் முழுதாக வளராமல் போவது, பெரியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் எல்லாம் இதே வரிசை. டீசல் புகையை 2012இலும், வெளிக்காற்று மாசை 2013இலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. வெளிக்காற்று மாசால் 2019இல் உலகில் 42 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

வாயுக்களின் கதை வேறு. கார்பன் மோனாக்சைடு ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடிக்கும். நிறமில்லை, மணமில்லை. மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமல் போவது இதனால்தான். ஜெனரேட்டரைச் சன்னல் பக்கம் வைப்பதும் கிட்டத்தட்ட அதே ஆபத்து.

ஓசோனை யாரும் வெளியேற்றுவதில்லை. 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண் எரியவைத்த மூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் சூரிய ஒளியில் சேர்ந்து ஓசோனை உருவாக்குகின்றன என்று காட்டினார். அதனால் அது வெயில் ஏற ஏறக் கூடிப் பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். போக்குவரத்து நெரிந்த சாலையிலேயே புது நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடுவதால், நகர மையத்தைவிடக் காற்று போகும் திசையிலுள்ள புறநகரில் ஓசோன் அதிகமாக இருப்பது சகஜம். பயிர்களின் இலைத்துளை வழியே புகுந்து விளைச்சலைக் குறைப்பதும் இதுவே.

நுண்துகளின் உச்சம் ஓசோனுக்கு நேர் எதிர் நேரத்தில். குளிர் இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழே கிடக்கும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்காரும். பகலில் 1,500 மீட்டர் உயரம்வரை கலந்து பரவிய புகை, இரவில் 150 மீட்டருக்குள் அடைபடும். வெளியேறும் புகை கொஞ்சமும் கூடாமலே செறிவு பத்து மடங்கு ஏற அது போதும். விடியற்காலைக் காற்று சுத்தமானது என்று நம்பி ஓடுகிறவர்கள், காற்று அசையாத குளிர்கால நாள்களில் அந்த மூடிக்கு அடியில்தான் ஓடுகிறார்கள். சூரியன் உதித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தரை சூடேறி மூடி கலைந்த பிறகு ஓடுவது நல்லது. கோடையில் ஓசோன் நாள்களில் இதைத் திருப்பிப் போட்டு, காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். எந்த மாசு என்று தெரியாமல் எந்த நேரம் என்று எப்படிச் சொல்வது? காலைப் பதிப்பில் வரும் எண் பெரும்பாலும் முந்தைய 24 மணி நேரத்தின் சராசரி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாசகர் நேற்றைய காற்றைப் படித்துவிட்டு இன்றைய காற்றுக்குள் இறங்குகிறார்.

மூலங்களைக் குறைப்பதில் எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவி இருப்பதும் அது வேலை செய்வதும் ஒன்றில்லை. பெட்ரோல் வண்டியின் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு இருக்கும். அது சுமார் 250 முதல் 300 டிகிரி சூடேறிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். பக்கத்துத் தெருவுக்கு வண்டி எடுத்தால் அந்தப் பயணம் முழுக்கச் சுத்திகரிக்காத புகைதான். காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டி இருந்தால்தான் கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள், நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற மூன்று மாசுகளும் ஒருசேரக் குறையும். ஸ்பார்க் பிளக் கெட்டு எரிபொருள் எரியாமல் வந்தால், அது கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூட்டையே உருக்கிவிடும். இன்ஜின் விளக்கு எரிந்தும் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இதை அறிந்திருந்தால் மறுநாளே பட்டறைக்குப் போவார்கள்.

டீசல் வண்டியின் துகள் வடிகட்டி இன்னும் நுணுக்கமானது. தேன்கூட்டின் கண்கள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருப்பதால் புகை சுவர் வழியாகத்தான் ஊடுருவ வேண்டும். கரி சுவரிலேயே நின்றுவிடும். சேர்ந்த கரியை அவ்வப்போது சுமார் 600 டிகிரியில் எரித்துத் தள்ள வேண்டும். நெரிசலில் ஊர்ந்தே ஓடும் வண்டியில் அந்தச் சூடு வராது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும், இழுவை குறையும். அந்த நேரத்தில் சில பட்டறைகளில் வடிகட்டியையே அறுத்தெடுத்து மென்பொருளை மாற்றிக் கொடுக்கிறார்கள். இது பெரிய அநியாயம். அந்த ஒரு வண்டி, ஒழுங்காகப் பராமரித்த எத்தனையோ வண்டிகளின் பலனை அழித்துவிடும். அடைத்தால் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுவதே பல சமயம் போதும். மின்வண்டிக்குப் புகைக்குழாய் இல்லை. ஆனால் டயர் தேய்மானமும் சாலைப் புழுதியும் அதிலும் உண்டு.

அனல்மின் நிலையத்தில் சாம்பலைப் பிடிக்க மின்நிலை வீழ்படிவி இருக்கிறது. அது துகளை மட்டுமே பிடிக்கும். கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல் கரைசல் தெளிக்கும் கோபுரம் தனியாக வேண்டும். அங்கே அது ஜிப்சமாக மாறும். புகைபோக்கியில் புகையே தெரியவில்லை என்பது வீழ்படிவி ஓடுகிறது என்பதற்கு மட்டுமே சான்று. வயலிலும் வழி இருக்கிறது: யூரியாவை மேலாகத் தூவிவிட்டுப் போகாமல் மண்ணுக்குள் இட்டாலோ உடனே நீர் பாய்ச்சினாலோ அம்மோனியா இழப்பு வெகுவாகக் குறையும்; உழவருக்கு உரமும் மிச்சம்.

குப்பை எரிப்பு சின்ன விஷயம்போலத் தோன்றும். ஈரக் குப்பை கொழுந்துவிட்டு எரியாது, புகையும். புகையும் தீதான் ஒரு கிலோவுக்கு அதிக நுண்துகளைத் தரும். அதில் பிவிசி குழாயோ ஒயரோ இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் சேரும். தெருமுனையில், மூக்குக்கு நேராக. சமையல் அடுப்பின் விறகுப் புகையும் அப்படித்தான். உலகில் சுமார் 210 கோடிப் பேர் இன்னும் விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றின் புகையில் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் எழும் இந்த மாசால் 2020இல் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

பலன் தராத வழிகளில் நேரமும் பணமும் போவது வருத்தமாக இருக்கிறது. தண்ணீர்ப் பீரங்கியால் சாலைப் புழுதி அடங்கும், நுண்துகள் அடங்காது. மழைத்துளியே 0.1 முதல் 1 மைக்ரான் துகளைச் சரியாகப் பிடிப்பதில்லை, காற்றோட்டத்தில் வழுக்கி விலகிவிடும். திறந்த வெளியில் கோபுரம் கட்டிக் காற்றை வடிகட்டுவது, கதவெல்லாம் திறந்த வீட்டுக்குக் குளிர்சாதனம் போடுவதற்குச் சமம். மூடிய அறையில் வடிகட்டி பயன்படும். 12 சதுர மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம் என்றால் 36 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற, மணிக்கு 180 கன மீட்டர் காற்றை வடிகட்டும் திறனுள்ள ஹெப்பா (நுண்துகளைப் பிடிக்கும் அடர்இழை வடிகட்டி) கருவி வேண்டும். ஓசோனை உண்டாக்கும் அயனி வகைகளைத் தவிர்க்க வேண்டும். முகக்கவசத்தில் என்95 வகை நுண்துகளைத் தடுக்கும், முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தினால். சோப்புப் போட்டுத் துவைத்தால் அதன் இழைகளில் உள்ள மின்னேற்றம் போய்விடும். எந்தத் துகள் கவசமும் ஓசோனையோ கார்பன் மோனாக்சைடையோ நிறுத்தாது.

மாசைக் குறைக்க முடியும் என்பதற்குச் சான்று இல்லாமலில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நாடு நாடாகத் தடை செய்யப்பட்டு, கடைசியாக 2021இல் அல்ஜீரியாவில் நின்றது. அது நடந்தது மாசின் பெயர் தெரிந்ததால். ஈயம் என்று பெயர் சொல்லி அளந்தார்கள், பெயர் சொல்லி நீக்கினார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு வேண்டுகோள்: வானிலைக் கட்டத்தில் இன்னும் இரண்டு வரிகளுக்கு இடம் கொடுங்கள். முதல் வரியில் குறியீடு, அது எந்த நாட்டு அளவுகோல், முதன்மை மாசின் பெயர், அதன் அளவு மைக்ரோகிராமில், எந்த மணி முதல் எந்த மணி வரையிலான சராசரி. இரண்டாம் வரியில் நேற்று எந்த மணியில் உச்சம், எந்த மணியில் குறைவு, காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது. மலிவு விலை லேசர் உணர்கருவிகளின் எண்ணை எடுத்துப் போடுவதானால் அதையும் குறிப்பிடுங்கள். மூடுபனிக் காலையில் அவை நீர்த்துளியையும் துகள் என்று எண்ணிக் கூடுதலாகக் காட்டும். ஒரு நிலையத்தின் அளவு அன்று கிடைக்கவில்லை என்றால், பக்கத்து நிலையத்தின் எண்ணை அங்கே நிரப்பாமல் "அளவு இல்லை" என்றே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காற்றுத் தர அளவீட்டுத் துறையைச் சேர்ந்த வாசகர்